கடைசி நான்கு எண்கள்

மா கும்சில் தன் அம்மாவுக்குச் சாவு அறிவிப்பு எழுதிய அன்று, அம்மா இருக்கிறாளா செத்தாளா என்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு ஒருவன் காரணம். அவன் பெயர் போங் கிதே. அறிவிப்பு எழுதியதும் அவனுக்காகத்தான்.

ஃபோனில் அனுப்பும் அறிவிப்பு. மேலே கறுப்பு ரிப்பன், நடுவில் இடமும் நேரமும், அடியில் மொய் அனுப்ப வேண்டிய கணக்கு. தென் கொரியாவின் இஞ்சியோனில் கல்யாணமானாலும் இழவானாலும் அந்தக் கணக்கு இல்லாமல் செய்தி வராது. வங்கி எண் இருக்க வேண்டிய இடத்தில் கும்சில் தன்னுடைய கிரிப்டோ வாலட் முகவரியைப் போட்டாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘அனுப்பும் தொகையின் முடிவில், புள்ளிக்குப் பின், உங்கள் ஃபோனின் கடைசி நான்கு எண்கள் வரும்படி அனுப்பவும்.’ இந்த வரி அவள் சொந்தச் சரக்கு இல்லை. கிதேயின் அறிவிப்பிலிருந்து அப்படியே எடுத்தது.

ஃபோனில் அதைப் பார்த்ததும் ஒக்ரான் அக்கா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் வட கொரியாவில் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே எல்லை ஆற்றைத் தாண்டி, வேறு வேறு வருடங்களில் தெற்கே வந்து சேர்ந்தவர்கள். கும்சில் சோயாக் கட்டிக்குள் சோறு அடைத்துத் தோஃபு சாதம் விற்கும் அந்தச் சின்னக் கடையின் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒக்ரான் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏண்டி, அம்மா போயிட்டாங்களா? யாரு சொன்னா? சே மாமா பேசினாரா?”

“யாரும் பேசல.”

“பின்ன எப்படித் தெரியும்?”

“தெரியாதுக்கா. இருக்காங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாது.”

ஒக்ரான் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “உசுரோட இருந்தா? உசுரோட இருக்குற அம்மாவுக்கு இழவு வெக்கிறியே, உன் வாய் அழுகிடும்டி.”

“அழுகட்டும். எனக்கு அது தெரியாமப் போகப் பண்ணினவன் யாரு? அவன் பதில் சொல்லட்டும்.”

ஒக்ரானுக்குப் புரிந்துவிட்டது. ஒரு தோஃபுத் துண்டை எடுத்துக் கடித்தாள். “என்னை என்ன செய்யச் சொல்ற?” என்றாள்.

கிதேயை இனி ஒளித்து வைப்பதில் அர்த்தமில்லை. இஞ்சியோனின் நோன்ஹ்யோன் வட்டாரத்தில் கிரிப்டோ படிப்புக் குரூப் ஒன்று இருந்தது. மீன்கடைக்கு மேல் மாடியில் ஒரு காப்பிக் கடை, சனிக்கிழமை மதியம் அங்கே கூடுவார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், ஓய்வுபெற்ற கப்பல்காரர் என்று கலவையான கூட்டம். கிதேதான் தலைவர். அழகாகப் பேசுவான், ஃபீஸ் வாங்க மாட்டான், வயதானவர்களுக்குத் தன் கையாலேயே ஆப் ஏற்றிக் கொடுப்பான். வாராவாரம் அவன் சொல்லும் பாடம் ஒன்றுதான்.

“யாரோட வாலட்லேர்ந்து யாரோட வாலட்டுக்கு எவ்வளவு போச்சுன்னு உலகத்துல எவன் வேணா பாக்கலாம். எப்பவும் அழியாது. எந்த வாலட் யாரோடதுங்கறது மட்டும்தான் வெளிய தெரியாது. உங்க உடம்புல இருக்குறது அந்த ஒரே ஒரு துணி. அதை அவுத்துடாதீங்க. பொண்டாட்டிகிட்டகூடக் காட்டாதீங்க.”

“பொண்டாட்டி மத்ததெல்லாம் பாத்துட்டாளே, தலைவரே!” என்பார் டாக்ஸிக்கார யோ சாங்குன். கூட்டம் சிரிக்கும். இது ஒவ்வொரு வாரமும் நடக்கும்.

கும்சில் அங்கே போனது பணக்காரி ஆவதற்கு இல்லை. அவள் அம்மா வடக்கே எல்லையோர ஊரான ஹ்யேசானில் இருந்தாள். நெஞ்சுச் சளிக்காரி, மருந்து இல்லாமல் குளிர்காலம் தாண்ட மாட்டாள். சீனாவின் யென்ஜியில் இருக்கும் சே மாமா என்ற தரகர் வழியாகத்தான் பணம் போகும். சே மாமா சீனப் பக்கத்தில் வாங்கிக்கொள்வார், ஆற்றங்கரையில் ஒரு பையன் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பான், பணம் கிடைத்ததும் அம்மா சீன சிக்னல் எட்டும் மலையேறி ஒளிந்து நின்று ஃபோனில் ‘கெடைச்சுதுடி’ என்பாள். அம்மா குரல் கேட்பது அப்போது மட்டும்தான். வங்கி வழியாக அனுப்பிய சிலரின் சொந்தக்காரர்களை விசாரணைக்குக் கூட்டிப் போனபின் சே மாமா சொல்லிவிட்டார், இனிமேல் காயின்தான் என்று. அதனால் கும்சில் படித்தாள். ஒழுங்காகப் படித்தாள். அவள் வாலட்டைப் பற்றி ஒக்ரானுக்குக்கூடச் சொல்லவில்லை.

பிறகு கிதேயின் அப்பா செத்தார்.

கிரிப்டோ குரூப்பின் தலைவன் வீட்டு இழவில் வெள்ளைக் கவரா வாங்குவது? அறிவிப்பில் வாலட் முகவரியைப் போட்டான். ஆனால் மொய் என்றால் பெயர் வேண்டும். யார் வைத்தார்கள் என்று தெரிந்தால்தானே நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி வைக்க முடியும்? பெயரில்லாத மொய் அனுப்புவது துக்க வீட்டுக்கு முகத்தை மூடிக்கொண்டு போவதற்குச் சமம். அதனால்தான் கடைசி நான்கு எண்கள் என்ற அந்த வரி. ஒரு வருடம் பாடம் கேட்ட கூட்டத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. மரியாதை என்று வந்துவிட்டால் இந்த ஊரில் மூளைக்கு லீவு விட்டுவிடுவார்கள். எல்லாரும் தங்கள் எண்ணை முடிவில் தொங்கவிட்டு அனுப்பினார்கள், தங்கள் துணியைத் தாங்களே அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார்கள்.

கும்சிலிடம் ஒரே வாலட்தான் இருந்தது. அம்மாவுக்குப் பணம் போகும் வாலட். காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தவனாயிற்றே என்று தன் சக்திக்கு மீறியே வைத்தாள்.

அப்பாவைப் புதைத்த ஈரம் காயுமுன் கிதே உட்கார்ந்து ஒவ்வொருவர் வாலட்டையும் திறந்து படித்திருக்கிறான். கும்சிலைக் காப்பிக்குக் கூப்பிட்டான்.

“மாசாமாசம் ஒரே எடத்துக்குப் போகுதே, கும்சில்? அந்த எடத்துக்கு உங்களை மாதிரி நெறையப் பேர் அனுப்புறாங்க போலிருக்கே? வடக்கயா?”

கும்சில் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“பயப்படாதீங்க. நான் வாய மூடிக்குவேன். ஆனா வாய மூடுறதுக்கும் ஒரு செலவு இருக்கு, இல்லையா?” என்று சிரித்தான். தமாஷ் போலத்தான் சொன்னான்.

தமாஷ்தான் என்று எடுத்துக்கொண்டு கும்சில் எழுந்து வந்துவிட்டாள். அடுத்த வாரமே அவனுடைய வீடியோ சேனலில் புதிய பாடம் ஏறியது. ‘வடக்கே பணம் எப்படிப் போகிறது: ஓர் உண்மையான வாலட்’. பெயர் இல்லை. ஆனால் அவள் வாலட் முகவரி முழுதாக இருந்தது. அங்கிருந்து சிவப்பு அம்புக்குறி சே மாமாவின் வாலட்டுக்கு, அங்கிருந்து இன்னும் பல அம்புக்குறிகள். அவன் சேனலில் அதுவரை எந்த வீடியோவையும் அத்தனை பேர் பார்த்ததில்லை.

பார்க்கக் கூடாதவர்களும் பார்த்தார்கள். சே மாமாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. ‘ஆத்தங்கரைப் பையன் மாட்டிக்கிட்டான். உங்க அம்மா வீட்டுலயும் தேடினாங்களாம். யாரும் என்னைக் கூப்பிடாதீங்க.’ அதோடு அந்த எண் செத்தது.

கும்சில் கிதேயின் வீட்டு வாசலுக்கே போய் நின்றாள். கையில் தோஃபு வெட்டும் கத்தி இருந்ததா என்று ஒக்ரான் பிறகு கேட்டிருக்கிறாள், கும்சில் பதில் சொன்னதில்லை. கிதே பல்குத்தும் குச்சியோடு வெளியே வந்தான்.

“நான் உங்க பேரைச் சொல்லவே இல்லையே? பாடம்தானே நடத்தினேன்? நல்லா யோசிச்சுப் பாருங்க, உங்க எண்ணை எனக்கு அனுப்பினது யாரு? நீங்கதானே?”

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் அவளால் தூங்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பாள் போலிருக்கிறது. அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் அவள் முடிவு செய்தாள், இவனை இவன் எண்ணாலேயே அடிப்பது என்று.

வழி உடனே கிடைக்கவில்லை. அவன் வீடியோக்களையே திரும்பத் திரும்பப் பார்த்து, எல்லா அனுப்பலும் பதிவாகும் அந்தப் பொதுப் பேரேட்டில், செயினில், தேடவும் தொடரவும் கற்றாள். அம்மாவைக் காட்டிக்கொடுத்தவனிடமே பாடம் படிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் படித்தாள். அந்த வருடம் வசந்தத்தில் இன்னொன்று நடந்தது. குரூப்பில் எல்லாரும் சேர்ந்து போட்டு வைத்திருந்த பொதுக் காயின் ஒரு காலையில் மொத்தமாகக் காணாமல் போனது. ‘ஹேக் பண்ணிட்டாங்க, நானும் போண்டியாயிட்டேன்’ என்று கிதே எல்லாரையும்விடச் சத்தமாக அழுதான். தன் வாலட்டைத் திறந்து காலியாகக் கிடப்பதைக் காட்டினான். கப்பல்காரர் அவனுக்கே ஆறுதல் சொல்லிச் சோஜுச் சாராயம் வாங்கிக் கொடுத்தார்.

திருட்டுக் காயின் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், செயினில் பார்க்கலாம். யாரோ ஒருவரின் வாலட்டில் அசையாமல் கிடந்தது. தினமும் போய்ப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். ஆள் யார் என்றுதான் தெரியாது.

கும்சில் வேறு ஒன்றைப் பார்த்தாள். எந்த வாலட்டிலிருந்து எதை நகர்த்தினாலும் அதற்குக் கொஞ்சம் கட்டணக் காயின் வேண்டும். அனுப்ப வேண்டிய டாலர் காயின் எவ்வளவு இருந்தாலும் சரி, கட்டணக் காயின் இல்லையென்றால் ஒரு துளி நகராது. அந்தத் திருட்டு வாலட் புதிதாகப் பிறந்தபோது அதற்குக் கட்டணக் காயின் ஒரு சிட்டிகை போட்டது யார்? ஒரு குட்டி வாலட். பேரும் ஊரும் இல்லாமல், சில்லறை மட்டும் வைத்திருக்கும் வாலட். அதற்கப்புறம் அது தூங்கிவிட்டது. கும்சில் அதைத் தினமும் போய்ப் பார்த்தாள். அவன்தான் என்று அவள் வயிறு சொன்னது. வயிறு சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொள்ளாது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒக்ரான் கேட்டாள். “சரி, இழவு எதுக்கு?”

“அவன் அப்பா சாவுக்கு நான் வெச்சது பெரிய மொய்க்கா. அவன் எனக்குத் திருப்பி வெச்சே ஆகணும். ஆனா அவன் போண்டியாச்சே? எல்லாரும் பாத்த வாலட்லேர்ந்து எடுத்தா ‘இது எங்கேர்ந்து வந்துச்சு’ன்னு கேப்பாங்க. புது வாலட் ஒண்ணு திறப்பான். புது வாலட்டுக்குக் கட்டணக் காயின் வேணும்.”

“கவருல நோட்டை வெச்சு நீட்டிட்டுப் போயிட்டா?”

“அதுக்குத்தான் உன் வாயி வேணும்.”

ஒக்ரானின் முகம் மலர்ந்தது. “அப்படிச் சொல்லு” என்றாள்.

ஆஸ்பத்திரியின் துக்க மண்டபத்தில் இருப்பதிலேயே சின்ன அறையை எடுத்தார்கள். மேலாளர் பேனாவை எடுத்துக்கொண்டு, “உடல் எப்ப வருது?” என்றார். “வராது. வடக்க இருக்கு” என்றாள் கும்சில். அவர் பேனாவை மூடினார், குரலைத் தாழ்த்தி வாடகையில் பாதியைக் குறைத்தார். இப்படிப்பட்ட இழவுகள் அங்கே புதிதில்லை.

படம்தான் இல்லை. ஆற்றைத் தாண்டும்போது யார் ஃபோட்டோ எடுத்து வருகிறார்கள்? கும்சில் தன் முகத்தையே ஃபோனில் எடுத்து, வயதாக்கிக் காட்டும் ஆப்பில் போட்டு, முடியை நரைக்க வைத்து, கன்னத்தை ஒடுக்கி, அதைச் சட்டம் போட்டு வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவில் வைத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் ‘அம்மா ஜாடை அப்படியே உங்களுக்கு’ என்றார்கள்.

குரூப் முழுக்க வந்தது. படத்துக்கு இரண்டு முறை தரையில் விழுந்து கும்பிட்டார்கள், கறுப்பு உடையில் நின்ற கும்சிலுக்கு ஒரு முறை. மொய் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றின் முடிவிலும் நான்கு எண்கள். யாருடைய வாலட்டையும் கும்சில் திறந்து பார்க்கவில்லை. ஒருவனுடையது போதும்.

கிதே மதியத்துக்கு முன் வந்தான். கறுப்புக் கோட்டு, தளர்ந்த நடை. போண்டியானவனுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கவரைப் பெட்டியில் போட்டான், கும்பிட்டான், கும்சிலின் கையைப் பிடித்தான்.

“நம்ம நடுவுல மனஸ்தாபம் இருந்துச்சு. இந்த நேரத்துல அதையெல்லாம் மறந்துடுங்க.”

“மறந்துட்டேன், தலைவரே. உக்காந்து சாப்பிடுங்க.”

காரமான மாட்டிறைச்சிச் சூப்பும் சோறும் வந்தன. ஒக்ரான் சோஜுப் பாட்டிலோடு அவன் எதிரில் வந்து சம்மணம் போட்டாள். பக்கத்து மேசைக்காரர்களும் கேட்கும்படியாகத்தான் பேசினாள்.

“தலைவரே, எல்லார் எண்ணும் வந்துடுச்சு, உங்க எண்ணு மட்டும் காணோமே?”

“கவர் போட்டுட்டேன், அக்கா.”

“கவரா! காயின் குரூப்புத் தலைவரு கவர் போட்டாரா? என் வீட்டுக்காரர் காலத்துலதான் கவரு. எவ்வளவு போட்டீங்கன்னு கேக்க மாட்டேன், அது நாகரிகம் இல்ல. ஆனா கவரு ரொம்ப மெலிசா இருந்துச்சு, அது கண்ணுல பட்டுடுச்சு.”

யாரோ இருமினார்கள். டாக்ஸிக்கார சாங்குன் குனிந்து சூப்பைக் கிளறினார்.

“என் நெலமை உங்களுக்குத் தெரியாததா?” என்றான் கிதே.

“தெரியும், தெரியும். அதான் கும்சில் ஒண்ணும் கேக்க மாட்டா. உங்க அப்பா போனப்போ இவ தோஃபு வித்த காசையெல்லாம் தொடைச்சு அனுப்பினா. அவ அம்மா போனப்போ தலைவர் மெலிசா ஒரு கவர் வெச்சாரு. என்ன பண்றது, காலம் அப்படி. இன்னிக்கு மதியத்தோட மண்டபத்தைக் காலி பண்றோம், அதுக்கப்புறம் வெச்சா அது மொய்யும் இல்ல. நீங்க சாப்பிடுங்க.”

கப்பல்காரர், “விடும்மா, சாவு வீட்டுல போயி” என்று முணுமுணுத்தார். அப்படிச் சொன்னதுதான் கிதேயை நிமிர வைத்தது. திருடன் என்று சந்தேகப்பட்டால்கூடப் பொறுத்துக்கொள்வான், மொய்யில் குறை வைத்தவன் என்ற பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. அப்பாவுக்கு வந்ததைத் திருப்பி வைக்காதவன் என்றால் அவன் அப்பாவுக்கே இழுக்கு.

“ஒரு சினேகிதன்கிட்டக் கேட்டிருக்கேன். இப்ப அனுப்பிடுறேன்” என்று ஃபோனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான்.

கும்சில் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் ஃபோனைப் பார்த்தாள். அவன் கெட்டிக்காரன். சினேகிதனிடமிருந்து உண்மையிலேயே கடன் வாங்கினால்? கட்டணக் காயினையும் சேர்த்து அந்தச் சினேகிதனிடமே கேட்டு வாங்கினால்? இழவு வைத்தது வீண், அம்மாவைச் சாகடித்தது வீண். தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டாள், மூட மறந்தாள்.

தூங்கிக் கிடந்த குட்டி வாலட் கண் விழித்தது. ஒரு சிட்டிகைக் கட்டணக் காயின், இன்று பிறந்த ஒரு வாலட்டுக்கு. சற்று நேரத்தில் அந்தப் புது வாலட்டிலிருந்து கும்சிலின் வாலட்டுக்கு மொய் வந்து விழுந்தது. தொகை தாராளம். முடிவில் கிதேயின் ஃபோன் எண், கடைசி நான்கும் பிசகாமல்.

டாலர் காயினைச் சினேகிதனிடம்தான் வாங்கியிருந்தான். கட்டணக் காயினைக் கேட்க மறந்துவிட்டான், அல்லது அந்தச் சிட்டிகைக்காக இன்னொரு முறை கெஞ்ச வெட்கம். அவசரத்தில் தன் சில்லறையிலிருந்து போட்டுவிட்டான். இரண்டு கன்றுக்கும் பால் கொடுத்தது ஒரே மாடு.

கும்சில் தானே சூப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். கிதே திரும்பி வந்து நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவன் கிண்ணத்தை நிரப்பினாள். ஃபோனை சாங்குன் கையில் கொடுத்தாள்.

“அண்ணே, தலைவர் மொய் வெச்சிருக்காரு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போயிப் பாருங்க. அவரே சொல்லிக் கொடுத்ததுதான்.”

சாங்குன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தள்ளினார். இன்னொரு முறை தள்ளினார். எல்லாரும் தினமும் போய்ப் பெருமூச்சு விடும் அந்தத் திருட்டு வாலட்டின் முகவரி திரையில் வந்து நின்றபோது, அவர் ஃபோனைப் பக்கத்தில் இருந்த பல் ஆஸ்பத்திரிக்காரியிடம் கொடுத்தார். அவள் கப்பல்காரரிடம் கொடுத்தாள். ஃபோன் மேசை மேசையாகப் போனது.

கிதே இரண்டு வாய் சூப்புக் குடித்திருந்தான். மூன்றாவது வாய்க்குக் கரண்டியைத் தூக்கியவன் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தான்.

“என்ன?” என்றான்.

“இந்தக் குட்டி வாலட் யாருது, தலைவரே?” என்றார் சாங்குன்.

“எது? எனக்குத் தெரியாது. சினேகிதன் ஏதோ... யார் வேணா போட்டிருக்கலாம்...”

“முடிவுல உங்க எண்ணு இருக்கே” என்றாள் கும்சில். “நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்க எண்ணை எனக்கு அனுப்பினது யாரு? நீங்கதானே?”

அதைச் சொன்ன நொடியில் அவளுக்கு உடம்பெல்லாம் சூடாக, இனிப்பாக இருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

கிதே எழுந்தான், கப்பல்காரர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். சோஜு வாங்கிக் கொடுத்த கை அது. கொஞ்ச நேரம் மறுத்தான், சினேகிதன் மேல் போட்டான், குரலை உயர்த்தினான். சாங்குன் போலீஸுக்கு ஃபோன் போட்டதும் குரல் இறங்கியது. முழங்காலில் நகர்ந்து கும்சிலிடம் வந்தான்.

“திருப்பிக் கொடுத்துடுறேன். எல்லாருக்கும் கொடுத்துடுறேன். எனக்குக் குழந்தை இருக்கு, கும்சில்.”

“என்கிட்டக் கேக்காத. அங்க கேளு” என்று படத்தைக் காட்டினாள்.

அவன் செவ்வந்திப் பூக்களுக்கு முன் தரையில் நெற்றியை வைத்து, மன்னிச்சுடுங்க அம்மா, மன்னிச்சுடுங்க என்று சத்தம் போட்டு அழுதான். படத்தில் இருந்தது கும்சிலின் முகம் என்பது அவனுக்குத் தெரியாது. மேலே இருந்து அவள் பார்த்தாள், சட்டத்துக்குள் இருந்தும் அவளே பார்த்தாள். ஒரு துளி இரக்கம் வரவில்லை. போலீஸ் வந்து கூட்டிப் போகும்வரை அவனை அப்படியே கிடக்கவிட்டார்கள்.

மறுநாள் கடையில் தோஃபு சாதம் சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. கும்சில் பாட்டுக்கூடப் பாடினாள். ஒக்ரான், “இழவு வெச்சவ பாடுற பாட்டாடி இது?” என்று திட்டினாள். விசாரணை நடந்தது, கிதே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், அவன் சேனல் மூடப்பட்டது. குரூப்காரர்கள் கடைக்கு வந்து தேவைக்கு மேல் வாங்கிப் போனார்கள்.

இலை உதிரத் தொடங்கியிருந்த ஒரு மதியம், கும்சில் தோஃபுவுக்குள் சோற்றை அடைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தாள்.

“நான் சே. கேள்விகீள்வி கேக்காத. நீ வெச்ச இழவு சேதி இங்க வரைக்கும் வந்துச்சு. இதுதான் கடைசி, நான் தொழிலை விடுறேன், இனிமே இந்த வழி கெடையாது. இவங்களைத் தேடிக் கண்டுபிடிக்க நாக்குத் தள்ளிப்போச்சு. மலையில நிக்கிறாங்க, சீக்கிரம் பேசு.”

காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல்.

“கும்சிலா?”

கும்சில் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“என்னைத் தூக்கிப் போட்டுட்டியாமே? சே சொன்னான். ஊர்ப்பட்ட பேரு வந்து கும்புட்டாங்களாமே?”

“அம்மா... அம்மா...”

“அழுவாத, நேரம் இல்ல. எதுக்குடி போட்ட? அதைச் சொல்லு.”

“நம்மளைக் காட்டிக் கொடுத்தான்ல ஒருத்தன். அவனைப் புடிக்கம்மா.”

“புடிச்சியா?”

“புடிச்சேன்.”

“எப்படி? மொதல்லேர்ந்து சொல்லு.” அம்மாவின் குரல் சட்டென்று பலமானது. மலைக்காற்றிலும் அது தெளிவாகக் கேட்டது.

கும்சில் சொன்னாள். கவரைச் சொன்னாள், ஒக்ரான் பேசியதை ஒக்ரான் குரலிலேயே சொன்னாள். அம்மா சிரித்தாள், அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது, இருமி முடித்து, “அப்புறம்?” என்றாள். கும்சில் தொடர்ந்தாள்.

“சூப்புக் குடிச்சானா?”

“ரெண்டு வாய் குடிச்சிருந்தான்மா.”

“அதையும் கக்க வெச்சிருக்கணும். அழுதானா?”

“அழுதான்.”

“சத்தமாவா? எப்படி அழுதான், அழுது காட்டு.”

கும்சில் அழுது காட்டினாள். கடைக்கு வந்திருந்த ஒரு பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அம்மா மலையில் நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு கேட்கும் சிரிப்பு. கும்சிலும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது, இரண்டு பேரும் சேர்ந்து அவனை இன்னொரு முறை அடித்து நொறுக்கினார்கள்.

“போலீஸ் வந்ததும் அவனைச் செருப்புகூட மாட்ட விடலம்மா, வெறும் காலுறையோட இழுத்துட்டுப் போனாங்க, ஒரு காலுறையில இத்தனாம் பெரிய ஓட்டை, கட்டை விரல் வெளிய நீட்டிட்டு...”

எதிர்ப்பக்கம் சிரிப்பு இல்லை. காற்றும் இல்லை. அவள் காதிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தாள். திரும்ப அழைத்தாள். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது.

செய்தி எப்படியோ தெரிந்து ஒக்ரான் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கும்சிலின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள்.

“பேசினாங்களா? நெஜமாவா? எப்படி இருக்காங்க? எங்க இருக்காங்க இப்ப? மருந்துக்கு என்ன பண்றாங்களாம்?”

கும்சிலின் கையில் பாதி அடைத்த தோஃபு அப்படியே இருந்தது.

“சொல்லுடி. என்ன கேட்டே, என்ன சொன்னாங்க?”

“கிதேயைப் பத்திக் கேட்டாங்க” என்றாள் கும்சில். “சொன்னேன்.”

“அப்புறம்?”

“அதுதான்க்கா. அதைத்தான் பேசினோம்.”